அர்ஜுனன் பெண்ணாகப் பிறந்த கதை: இரண்டாவது புத்தகம் பற்றி



இன்றைக்கு அபிஷேகப் படங்களும் இல்லை, உபயதாரர் பட்டியலும் இல்லை. போன மாசம் கோவில் சமையல்கட்டில் காய் நறுக்கும்போது நாலைந்து அக்காமார் எங்களைப் பிடித்துக் கேட்டார்கள். "உங்க மக ஒரு புத்தகம் படிச்சிக்கிட்டு இருந்தாளே, அர்ஜுனன் பொம்பளப் புள்ளயா பொறந்த கதைன்னு, அத எங்க புள்ளைங்களுக்கும் வாங்கலாமா?" நின்ற இடத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. முதல் புத்தகத்துக்கு ஒரு பதில், இரண்டாவதுக்கு வேற பதில். அதனால்தான் எழுதியே போட்டுவிடுகிறோம். நீளமாகப் போகும். ஒரு தே ஓ போட்டுக்கொண்டு உட்காருங்கள். கதையையும் உடைத்துத்தான் சொல்லப் போகிறோம், அது பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் என்று எழுதுவது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து. எங்களில் ஒருவர் எஸ்.பி.எம். வரைக்கும் படித்தவர், ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எஸ்.ஓ.பி.யும் கஸ்டமர் கம்ப்ளெய்ன்டும் படித்துப் படித்து ஆங்கிலம் ஓரளவுக்கு ஓடும். இன்னொருவருக்கு ஆங்கிலம் ஓடாது, ஆனால் பாரதக் கதை தலைகீழாகத் தெரியும். ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்ல, இன்னொருவர் "அப்படி இல்ல, பாரதத்துல வேற மாதிரி வரும்" என்று குறுக்கே பேச, இப்படித்தான் இரண்டு புத்தகமும் முடிந்தன. நைட் ஷிப்ட் இல்லாத வாரங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். முதல் புத்தகம் ஆறு வாரத்தில் முடிந்தது. இரண்டாவதுக்கு நாலு மாசம் பிடித்தது. பாதி விமர்சனம் இதிலேயே வந்துவிட்டது.

தொடரின் பெயர் ஆரு ஷா. எழுதியவர் ரோஷனி சோக்ஷி, அமெரிக்க எழுத்தாளர், இந்திய, பிலிப்பினோ வம்சாவளி. பெர்சி ஜாக்சன் கதைகளை எழுதினாரே ரிக் ரியோர்டன், அவர் பெயரில் டிஸ்னி ஒரு புத்தக வரிசை தொடங்கியது. அந்தந்தச் சமூகத்தின் புராணத்தை அந்தந்தச் சமூகத்தில் இருந்து வந்தவர்களே பிள்ளைகளுக்கு எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் முதன்முதலாக வந்ததே இந்தத் தொடர்தான், 2018-ல், 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. அடுத்த வருஷம், 2019-ல், 'ஆரு ஷா அண்ட் தி சாங் ஆஃப் டெத்'. பிறகு வருஷத்துக்கு ஒன்றாக 2022 வரைக்கும் மொத்தம் ஐந்து. இங்கே பேசப் போவது அந்த இரண்டாவதைப் பற்றி. ஆனால் முதல் புத்தகம் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் எங்கள் வயிற்றெரிச்சல் புரியும்.

ஆரு பன்னிரண்டு வயசுப் பெண். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் இந்தியக் கலைப்பொருள் மியூசியத்திலேயே அம்மாவோடு குடியிருக்கிறாள். அம்மா வேலை வேலை என்று ஓடுகிறவர். இந்தப் பெண் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று வாயைத் திறந்தால் பொய். ஒரு நாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கே வந்து "நீ சொன்னது உண்மைன்னா காட்டு" என்று நிற்கிறார்கள். தொடக்கூடாது என்று அம்மா சொன்ன விளக்கை அவள் ஏற்றிவிடுகிறாள். காலம் நின்றுபோகிறது, அம்மா சிலை மாதிரி உறைந்துபோகிறார், விளக்குக்குள் அடைந்து கிடந்த ஒருவன் வெளியே வந்துவிடுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, இவள் ஆத்மா அர்ஜுனனுடையது, இந்திரன் மகள். கூடவே வருகிற மினி என்ற பயந்தாங்கொள்ளிப் பெண் யுதிஷ்டிரன், எமதர்மராஜாவின் மகள். எதைப் பார்த்தாலும் நோய் வந்துவிடும் என்று நடுங்குகிற பிள்ளைக்கு எமன் அப்பா! எங்கள் வீட்டில் இதற்கே பத்து நிமிஷம் சிரித்தோம்.

இவர்களுக்குக் குரு ஒரு புறா. அந்தப் புறா யார் என்று தெரிய வரும்போது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சகுனி! அன்றைக்கு யாரை நாசமாக்கினானோ, அவர்களுக்கே இன்றைக்குத் துணை நிற்க வேண்டும் என்று சாபம். கர்மாவை ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்லா எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தேவலோகத்துக் கடைத்தெருவுக்குப் போகிற வழி ஒரு காஸ்ட்கோ சூப்பர்மார்க்கெட்டுக்குள் இருக்கிறது. ராத்திரிச் சந்தை, அதாவது நம்ம பசார் மாலாம்தான், அசுரனும் நாகனும் சாமான் வாங்குகிறார்கள். விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் அடியில் கனம் இருந்தது. விளக்கில் அடைந்து கிடந்தவன் ஆருவுடைய சொந்த அப்பா. அவனை அடைத்து வைத்தது அவளுடைய அம்மா. விதி என்று எழுதி வைத்தால் ஆள் அதன்படிதான் நடக்கணுமா என்ற கேள்வியை அந்தப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு முதல் புத்தகம் முடிகிறது.

எங்கள் மகள் அதைப் படிக்கும்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. படிக்கப் படிக்கக் கேள்வி. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பாள், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடும். தர்மராஜாவும் எமனும் ஒரே ஆளா? சகுனிக்கு அஸ்தினாபுரத்து மேல என்ன கோவம்? கர்ணன் அண்ணன்னு தெரிஞ்ச பிறகு குந்தி ஏன் வெளிய சொல்லல? சில கேள்விக்கு எங்களுக்கே பதில் தெரியாமல் குருக்களிடம் போய் நின்றிருக்கிறோம். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வா என்று கெஞ்ச வேண்டிய பிள்ளை, பாஞ்சாலி அம்மன் சன்னதி முன்னால் நின்று "இவங்க கையில ஏன் கிளி இருக்கு?" என்று கேட்டது. ஒரு இங்கிலீஷ் புத்தகம் செய்த வேலை இது. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் நாம் எல்லாரும் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது.

அதனால் இரண்டாவது புத்தகம் கைக்கு வந்தபோது வீட்டில் பெரிய எதிர்பார்ப்பு. அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள், தமிழில் படிப்பது குறைந்துகொண்டே போகிறது, கைப்பேசி கூடிக்கொண்டே போகிறது. இந்தத் தொடர் இன்னும் நாலு வருஷத்துக்கு அவளையும் எங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

இரண்டாவது கதை இப்படி. மன்மதனுடைய வில்லும் அம்பும் களவு போய்விட்டது. நம்ம ஊரில் கரும்பு வில், மலர் அம்பு என்போமே, அதேதான். எடுத்தவர் யாரோ, அதை வைத்து ஆட்களின் இதயத்தைப் பறித்து, உயிர் இருந்தும் உணர்ச்சி இல்லாத சண்டைக்காரர்களாக மாற்றுகிறார். பழி ஆரு மேல் விழுகிறது. அடுத்த பௌர்ணமிக்குள் அம்பைக் கண்டுபிடிக்காவிட்டால் தேவலோகத்து வாசல் அவளுக்கு நிரந்தரமாக மூடிவிடும். கூட மினி, புதுசாக பிரின் என்ற பலசாலிப் பெண், எதிர் வீட்டுப் பையன் ஏடன். நாலு பேரும் கிளம்புகிறார்கள்.

கேட்கும்போது நல்லாத்தான் இருக்கிறது இல்லையா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அறுபது எழுபது பக்கம் போன பிறகுதான் ஒருவர் கேட்டார், "இத ஏற்கனவே படிச்சிட்டோமோ?" முதல் புத்தகத்தில் அமாவாசைக்குள் முடிக்க வேண்டும், இதில் பௌர்ணமிக்குள். அதில் மூன்று சாவி தேடிப் போனார்கள், இதில் வேற சாமான். ஓர் இடத்துக்குப் போவது, அங்கே ஒரு தேவரோ நாகரோ ஒரு சோதனை வைப்பது, ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பது, அடுத்த இடம். ரயில் ஸ்டேஷன் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது.

பிளாஸ்டிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு ரீகிரைண்ட் என்றால் தெரியும். மோல்டில் இருந்து வருகிற கழிவு, உடைந்த பீஸ், எல்லாத்தையும் அரைத்து மறுபடியும் புது மெட்டீரியலோடு கலப்பது. கொஞ்சம் கலக்கலாம், தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். அளவுக்கு மேல் கலந்தால் என்ன ஆகும்? அதே மோல்டு, அதே கலர், அதே அளவு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கையில் வைத்து வளைத்தால் பட்டென்று உடையும். இந்த இரண்டாவது புத்தகத்தை வளைத்துப் பார்க்கிற இடங்களில் எல்லாம் அந்தச் சத்தம் கேட்டது.

உதாரணத்துக்கு அந்த அப்பா விஷயம். முதல் புத்தகத்தில் நம்மைத் தூங்க விடாமல் செய்தது அதுதான். அழிக்க வருகிறவன் பெற்ற தகப்பன், அவன் ஒரு காலத்தில் நல்லவன் வேற. அடுத்த புத்தகத்தைத் திறக்கும்போது அந்தப் பிள்ளை மனசில் என்ன ஓடும் என்றுதானே நாம் தேடுவோம்? இதில் அவன் பெரும்பாலும் நிழல் மட்டும். அங்கங்கே ஆருவுக்கு ஒரு நினைப்பு வந்து போகிறது, உடனே யாராவது எதையாவது உடைக்கிறார்கள், ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். அழ வேண்டிய இடத்தில் ஜோக். பயப்பட வேண்டிய இடத்தில் ஜோக். முதல் புத்தகத்திலும் ஜோக் உண்டு, ஆனால் அங்கே அந்தப் பெண் பயத்தை மறைக்கத்தான் வாயாடுகிறாள் என்று நமக்குத் தெரிந்தது. இங்கே வாயாடுவதே பழக்கமாகிவிட்டது. அதிலும் பாதி அமெரிக்க சினிமா, டிவி, பாட்டு. எங்கள் மகளே "இது என்னன்னு தெரியல லா" என்று தாண்டிப் போனாள்.

மினிக்கு நடந்ததுதான் எங்கள் வீட்டம்மாவுக்குப் பெரிய கோபம். முதல் புத்தகத்தில் ஆருவும் மினியும்தான் உயிர். பொய் சொல்கிற பிள்ளையும் பயப்படுகிற பிள்ளையும் ஒருத்தியை ஒருத்தி தூக்கி நிறுத்துவது. இதில் நாலு பேர் ஆனதும் மினி பின்னால் போய்விட்டாள். "வீட்டுக்குப் புது மருமக வந்ததும் மூத்த மகள மறந்த மாதிரி இருக்கு" என்றார் அவர். புதுசாக வந்த பிரின் மேல் குறை இல்லை. பீமன் ஆத்மா, வாயு மகள், சமையல் என்றால் உயிர், சித்தப்பாமார் இரண்டு பேர் வளர்க்கிறார்கள். முரட்டுத்தனத்துக்கு அடியில் தாய் விட்டுப்போன வலி இருக்கிறது. விராட நாட்டு மடைப்பள்ளியில் பீமன் நின்றது நமக்குத் தெரியும்தானே, அந்தச் சட்டுவத்தை இவள் கையில் பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது கொஞ்சம் சூடான விஷயம். எதிர் வீட்டுப் பையன் ஏடன், எப்போதும் கையில் கேமரா, அம்மா அப்பா பிரிகிற வீடு. அவன் யார் என்றால், திரௌபதியின் மறுபிறப்பு.

சமையல்கட்டில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "எங்க அம்மனப் பையனாக்கிட்டாளா?" என்றார். அவர் கோபம் நியாயம்தான், பதினெட்டு வருஷமாகத் தீ மிதிக்கிறவர். ஆனால் எங்களுக்கு அது பெரிசாகப் படவில்லை. ஆத்மாவுக்கு ஆண் பெண் உண்டா? அர்ஜுனனே ஒரு வருஷம் பிருகன்னளையாக ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன். அம்பை சிகண்டியாக வந்தாள். நம்ம பாரதத்தில் இதெல்லாம் புதுசு இல்லை. அர்ஜுனன் பெண்ணாக வந்தால் கைதட்டுகிறோம், பாஞ்சாலி ஆணாக வந்தால் மட்டும் முகம் சுளிப்பதா?

எங்கள் வருத்தம் வேறு. பாஞ்சாலி யார்? தீயில் பிறந்தவள். சபையில் இழுத்து வந்து நிறுத்தியபோது, அத்தனை பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, முதலில் தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டவள். பீஷ்மருக்கே பதில் வராத கேள்வி. அந்த ஆத்மாவைக் கதைக்குள் கொண்டு வந்தால் அந்தத் தீயும் கூட வரணும். இங்கே வந்தது என்ன? போன பிறவியில் நீ எங்க பெண்டாட்டி என்ற கேலி. கேலிக்குப் பெயரே வைத்துக் கூப்பிடுகிறார்கள். பையன் நல்ல பையன், மென்மையானவன், அதில் ஒன்றும் குறை இல்லை. ஆனால் பெயரை மாற்றிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சகுனியைப் புறாவாக்கும்போது சகுனியின் பாவத்தையும் கூடவே வைத்தாரே இதே எழுத்தாளர், அவருக்குத் தெரியாதா என்ன?

நல்லதையும் சொல்ல வேண்டும். நாகலோகத்துப் பகுதி வருகிறது, அது இந்தப் புத்தகத்தின் சிறந்த பகுதி. தட்சகன் வருகிறான், காண்டவ வனம் எரிந்த கோபம் இன்னும் தணியாமல். நம்மில் நிறைய பேருக்குக் காண்டவ தகனம் என்றால் அர்ஜுனனுக்குக் காண்டீபம் கிடைத்த கதை. எரிந்த காட்டுக்குள் தட்சகன் குடும்பம் இருந்தது, அவன் மனைவி பிள்ளையைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டாள் என்பது வாயில் வராது. மகள் அந்த இடத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டாள், "அப்ப அர்ஜுனன் நல்லவரா இல்லையா?" அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் பேசினோம். மறுநாள் காலையில் ஆறு மணிக்கு பஸ் வேற. இந்த மாதிரி இன்னும் நாலு இடம் இருந்திருந்தால் இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும்.

உலூபியும் வருகிறாள், நாகராணியாக. இங்கேதான் எங்கள் மனசு ரொம்ப அடித்துக்கொண்டது. அமெரிக்கப் பிள்ளைக்கு உலூபி என்றால் அர்ஜுனன் போகிற வழியில் கட்டின ஒருத்தி, நாகமணியால் அவன் உயிரை மீட்டவள். நமக்கு அவள் அரவானைப் பெற்றவள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோவிலுக்குத் தீமிதிக்கு வருஷா வருஷம் போய் வருகிறோம். 1827-ல் தொடங்கிய கோவில். ஐப்பசியில் தீ மிதிப்பதைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் மாசக்கணக்கில் பாரதமே அங்கே நடக்கிறது, கொடியேற்றம், பாஞ்சாலி கல்யாணம், அரவான் களப்பலி, படுகளம். அரவானுக்கு அங்கே தனிச் சன்னதியே உண்டு, பெரிய தலை, பெரிய கண். களப்பலி அன்றைக்கு அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றால், இவனைப் பெற்றவள் எங்கே நின்றிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியாது. வில்லிபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு உலூபி என்ற பெயரே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அதனால் புத்தகத்தில் அவளை ஒரு வயசான ராணியாகப் பார்த்தபோது, மகனைப் பற்றி ஒரு பக்கமாவது பேசுவாள் என்று காத்திருந்தோம். கதை அவளிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. இது அந்த அம்மாவின் தப்பு என்று சொல்ல மாட்டோம். களப்பலி நம்ம தெற்குப் பக்கத்து வழக்கு, அவர் கேட்டு வளர்ந்த பாரதம் வேற. ஆனால் நம் பிள்ளைகள் இதுதான் பாரதம் என்று நினைக்க ஆரம்பித்தால், நம்ம பாதியை யார் சொல்வது?

அடுத்தது திருடி யார் என்ற விஷயம். சூர்ப்பனகை. அட, ராமாயணத்தில் இருந்து இங்கே வந்தாளா என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது நல்ல யோசனை, சத்தியமாக நல்ல யோசனை. மூக்கும் காதும் அறுபட்டவள், அழகைப் பறித்து அனுப்பப்பட்டவள், இதயத்தைப் பறிக்கிற அம்போடு திரும்பி வருகிறாள். தன் கதையைத் தான் சொல்லவே இல்லை, வேற ஆட்கள் சொல்லித்தான் தான் அரக்கியானேன் என்பது அவள் பக்கத்து நியாயம். கம்பனே அவள் அழகு உருவம் எடுத்து நடந்து வருவதை எவ்வளவு ரசித்துப் பாடியிருக்கிறான்! மகள் கைப்பேசியில் தேடிப் பார்த்து, சில கதைகளில் சூர்ப்பனகைக்குப் பிறந்தபோது வைத்த பெயர் மீனாட்சி என்று படித்துவிட்டு எங்களிடம் ஓடி வந்தாள். மதுரை மீனாட்சியின் பெயரா என்று வீட்டம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பிறகு யோசித்துவிட்டு அவரே சொன்னார், "மீன் மாதிரி கண்ணுன்னு ஆசையாப் பேரு வெச்சிருக்காங்க. அப்புறம் ஊரு முறம் மாதிரி நகம்னு கூப்பிட்டிருக்கு. பாவம்தான்." சூர்ப்பம் என்றால் முறம் என்று மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இவ்வளவு பெரிய ஆளை வைத்துக்கொண்டு புத்தகம் என்ன செய்தது? கடைசிப் பகுதியில் கொண்டு வந்து, அவள் வலியை அவசர அவசரமாகச் சொல்லி, அப்புறம் சண்டை. முதல் நூறு பக்கத்தில் ஓடின ஓட்டத்தில் பாதியைக் குறைத்து இவளுக்குக் கொடுத்திருக்கலாம். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஆரு உணர்கிறாள், சரி. உணர்ந்த பிறகு என்ன? அந்தப் பாரம் அவள் தோளில் உட்காருவதற்குள் புத்தகம் மூடிவிடுகிறது. ஓவர்டைம் கிடையாது, இருக்கிற நேரத்துக்குள் டார்கெட் முடி என்று லைனில் அவசரப்படுத்துவார்களே, அந்த மாதிரி. வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்றால் எழுதுகிறவர்களுக்கும் டார்கெட் இருக்கும் போல.

மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. புத்தகம் அப்படியே மேசையில் கிடந்தது, பிறகு ஃப்ரிட்ஜ் மேலே போனது. கேட்டதற்கு "அப்புறம் படிக்கிறேன்பா" என்றாள். காலண்டர் தாளில் கேள்வி வருவது நின்றது. பிள்ளை வளர்கிறது, ஃபார்ம் டூ, ஃபிரெண்ட்ஸ், பரீட்சை, எல்லாம் உண்டு. எல்லாப் பழியையும் ஒரு புத்தகத்தின் மேல் போடுவது சரியில்லைதான். ஆனாலும் தட்சகன் கதைக்குப் பதினொன்றரை வரை உட்கார்ந்த பிள்ளை அது. புத்தகம் கையைப் பிடித்திருந்தால் கொஞ்சம் தூரம் கூட வந்திருப்பாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் விடாமல் படித்து முடித்தோம். ஏன் என்று கேட்டால், காசு போட்டு வாங்கியது ஒன்று, சூர்ப்பனகை என்ன ஆனாள் என்று தெரிய வேண்டியது ஒன்று. முடித்த அன்றைக்கு ராத்திரி மகள் தண்ணீர் எடுக்க வந்தவள், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே கேட்டாள், "கடைசியில என்னாச்சு?" சொன்னோம். தமிழில், நடுநடுவே எங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்து. உலூபி அரவானைப் பற்றிப் பேசாத இடத்தில் வீட்டம்மா தானே பேசினார், மகனைக் களத்துக்கு அனுப்பின தாயாக, ஒரு ஐந்து நிமிஷம். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே இருந்தது, பீப் பீப் என்று கத்தியது. மகள் அதை மூடிவிட்டு நாற்காலியை இழுத்தாள். "இது புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றோம். "இருந்திருக்கலாம்" என்றாள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா. முதல் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பத்து வயசுக்கு மேல் ஆங்கிலம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். சாமியைக் கேலி செய்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. நம்ம தெருக்கூத்துக் கட்டியங்காரன் அடிக்காத கேலியா? இரண்டாவதை விலை கொடுத்து வாங்குவதைவிட லைப்ரரியில் எடுங்கள். எடுத்தால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கூடவே உட்காருங்கள். நாகலோகம் வருகிற பகுதியைச் சேர்ந்து படியுங்கள். உலூபி வரும்போது புத்தகத்தை நிறுத்திவிட்டு அரவான் கதையை நீங்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்து சமையல்கட்டுப் பக்கம் வாருங்கள், எங்கள் வீட்டம்மா சொல்வார், வெங்காயம் உரித்துக் கொடுத்தால் போதும்.

எங்களிடம் இருக்கிற முதல் புத்தகத்தைக் கோவில் ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறோம். நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்கள்.

மூன்றாவது புத்தகமும் வாங்கியாச்சு, 'ஆரு ஷா அண்ட் தி ட்ரீ ஆஃப் விஷஸ்', 2020-ல் வந்தது. இரட்டைப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள், நகுலனும் சகாதேவனும். எல்லாரும் கற்பக விருட்சத்தைத் தேடிப் போகிறார்கள். இதுவரைக்கும் ஆறு அத்தியாயம் முடிந்திருக்கிறது. மகள் இன்னும் தொடவில்லை. நாங்கள் வாசிக்கும்போது மட்டும் ஹாலில் உட்கார்ந்து ஹோம்வர்க் செய்கிறாள், ரூமுக்குப் போவதில்லை. அடுத்த வாரம் நைட் ஷிப்ட், அதனால் ஏழாவது அத்தியாயம் அதற்கு அடுத்த வாரம்தான்.